பத்தாம் நாள் சல்லடையில் எண்ணுவது: கடலடிச் சேற்றின் நச்சை உயிரிகளை வைத்துச் சோதிக்கும் முறை

பத்தாம் நாள் காலையில் பீக்கரை எடுத்து, அதிலுள்ள சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் மெதுவாகச் சாய்த்து, கடல்நீர் விட்டு அலசுவேன். களிமண் கரைந்து ஓடிவிடும். கொஞ்சம் மணலும் சிப்பித் துண்டுகளும் தங்கும். அதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினால், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிறிய சின்ன உயிர்கள் பக்கவாட்டில் நெளிந்து ஓடும். இவைதான் ஆம்பிபாடுகள், இறால், நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உள்ளே விட்டது இருபது. இருபதும் ஓடினால் அந்தச் சேறு அந்தப் பத்து நாளில் அவற்றைக் கொல்லவில்லை. ஏழுதான் ஓடுகின்றன என்றால், மீதிப் பதின்மூன்றும் எதனால் செத்தன என்று கண்டுபிடிக்கும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சோதனையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். உயிரி செத்தால் "சேற்றில் விஷம்" என்று எழுத அவசரப்படாதீர்கள். அம்மோனியாவாக இருக்கலாம், உப்பளவாக இருக்கலாம், மண் துகளின் அளவாக இருக்கலாம், உங்கள் கையாகவும் இருக்கலாம். இவை ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் விஷம். கீழே எழுதுவது எல்லாம் அந்த விலக்கும் வேலையைப் பற்றித்தான்.

வேதிப் பகுப்பாய்வு இருக்கும்போது உயிரி எதற்கு?

இது நியாயமான கேள்வி. சேற்றில் காட்மியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு, எண்ணெயிலிருந்து வரும் பிஏஎச் சேர்மங்கள் இவ்வளவு என்று இயந்திரம் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் ஒரே அளவு காட்மியம் ஒரு சேற்றில் உயிரைக் கொல்லும், இன்னொரு சேற்றில் ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன் எட்டாத கருஞ்சேற்றில் சல்ஃபைடு நிறைய இருக்கும். காட்மியம், செம்பு, ஈயம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை அதோடு சேர்ந்து கரையாத சேர்மங்களாகிக் கிடக்கும். உயிரிக்குள் எளிதில் போகாது. மட்கிய கரிமப் பொருள் அதிகமுள்ள சேற்றில் எண்ணெய்ச் சேர்மங்களும் பூச்சிக்கொல்லிகளும் அந்தக் கரிமத்தோடு ஒட்டிக்கொள்ளும். சேற்றில் இருப்பது வேறு, உயிருக்கு எட்டுவது வேறு.

இன்னொன்றும் உண்டு. தேடச் சொன்ன பொருளை மட்டும்தான் ஆய்வகம் தேடும். பட்டியலில் இல்லாதது அறிக்கையில் வராது. ஆம்பிபாடுக்குப் பட்டியல் கிடையாது. சேற்றில் இருக்கும் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து என்ன செய்கிறதோ அதை அது காட்டும். அதற்காக வேதியை ஒதுக்கிவிடவும் முடியாது. வேதிப் பகுப்பாய்வு, நச்சுச் சோதனை, அந்த இடத்துக் கடலடியில் உண்மையில் வாழும் உயிர்க் கூட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எட்வர்ட் லாங்கும் பீட்டர் சாப்மேனும் 1985-ல் எழுதினார்கள். 'படிவுத் தர முக்கோணம்' என்று அதைச் சொல்வோம். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் தைரியமாகப் பேசலாம்.

சேற்றை எடுப்பது

மாதிரி எடுப்பதில் தவறினால் ஆய்வகத்தில் எத்தனை கவனமாக இருந்தாலும் பயனில்லை. வான் வீன் கிராப் என்ற இரட்டைத் தாடைக் கருவியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவோம். கடைசிச் சில மீட்டரில் கயிற்றை மெதுவாக விடுங்கள். வேகமாக இறங்கினால் கருவிக்கு முன்னால் பாயும் தண்ணீரே மேல்படிவைக் கலைத்துவிடும், நமக்கு வேண்டியதே அந்த மேல்படிவுதான். அண்மையில் படிந்த மாசைப் பார்க்க மேலேயுள்ள 2 முதல் 5 செ.மீ. வரை போதும். ஒரு கால்வாயைத் தூர்வாரப் போகிறார்கள், அந்தச் சேறு முழுவதும் வெளியே வரும் என்றால், தோண்டப்போகும் ஆழம் வரைக்கும் குழாய் இறக்கி எடுக்க வேண்டும்.

கிராப் மேலே வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். மேற்பரப்பு தட்டையாக, அதன்மேல் தெளிந்த தண்ணீர் நின்றால் நல்ல மாதிரி. தாடையில் கல் மாட்டித் தண்ணீர் ஒழுகியிருந்தாலோ, சேறு மூடியை முட்டிப் பிதுங்கியிருந்தாலோ கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். நாலாவது தடவை போடும்போது படகில் இருப்பவர்கள் முகம் மாறும். அதைப் பார்த்துச் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

மேல் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, உலோகச் சுவரைத் தொடாத நடுச்சேற்றை மட்டும் கரண்டியால் அள்ளுங்கள். ஒரு நிலையத்துக்கு, அதாவது மாதிரி எடுக்கும் ஓர் இடத்துக்கு, ஐந்து சோதனை பீக்கருக்கே 875 மி.லி. வேண்டும். ஊடுநீர் (சேற்றுத் துகள்களுக்கு நடுவே நிற்கும் நீர்), துகள் அளவு, வேதி, மறுசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் நாலு லிட்டர் எடுப்பேன். நிறம், வாசனை, மேற்பரப்பில் பழுப்பு நிறம் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எங்கே கறுப்பு தொடங்குகிறது என்பதை அங்கேயே எழுதுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது என்று பொருள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கையுறையைக் கழற்றாதீர்கள்.

சோதனைச் சேற்றை ஜாடியில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இருட்டில் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைய வைக்கக் கூடாது. உறைந்து உருகிய சேறு பழைய சேறு இல்லை. எட்டு வாரம் வரை வைக்கலாம் என்று வழிமுறைகள் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

எந்த உயிரி?

வட அமெரிக்கக் கரைகளுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளில் நாலு ஆம்பிபாடுகள் உண்டு. ஆம்பெலிஸ்கா அப்டிடா 20 டிகிரியில், ஆயிரத்துக்கு 28 பங்கு உப்பில். ரெப்பாக்சினியஸ் அப்ரோனியஸ் அதே உப்பில், 15 டிகிரியில். இயோஹாஸ்டோரியஸ் எஸ்ச்சுவேரியஸ் 15 டிகிரி, 20 பங்கு உப்பு. லெப்டோகைரஸ் புளுமுலோசஸ் 25 டிகிரி, 20 பங்கு உப்பு. ஐரோப்பாவில் கொரோஃபியம் வொலுட்டேட்டர் அதிகம் பயன்படுகிறது, ஐ.எஸ்.ஓ. 16712 என்ற சர்வதேசத் தரமும் இந்த மாதிரி ஆம்பிபாடுச் சோதனைக்குத்தான். வேறு கடல் என்றால் அங்கே வாழும், ஏற்கெனவே சோதித்துப் பழக்கப்பட்ட இனத்தைத் தேடுங்கள். குளிர்நீர் உயிரியை வெப்பக்கடல் சேற்றில் விட்டுவிட்டு செத்ததற்குச் சேற்றைக் குறைசொல்லக் கூடாது.

துகள் அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரெப்பாக்சினியஸ் மணலில் வாழ்கிறது. மிக நைசான களிமண் சேற்றில் எந்த மாசும் இல்லாமலே அதில் சில செத்துப்போகும். ஆம்பெலிஸ்கா நைசான சேற்றில் குழாய் கட்டி வாழ்கிறது, மொத்த மணலில் திணறும்.

உயிரிகள் வந்து சேர்ந்ததும் உடனே சோதனைக்குள் விடாதீர்கள். குறைந்தது இரண்டு நாளாவது சோதனை வெப்பத்துக்கும் உப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக விடுங்கள். அந்த இரண்டு நாளில் தொட்டியில் நிறையச் செத்தால் அந்தக் கூட்டமே வேண்டாம்.

இங்கேயே இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல் என்பது அந்த உயிரிகள் வாழ்ந்த இடத்திலிருந்தே எடுத்த சுத்தமான சேறு. நம் உயிரியும் நம் கைவேலையும் சரியா என்று அது காட்டும். ஒப்பீட்டு மாதிரி என்பது நாம் சோதிக்கும் பகுதிக்கு அருகில், மாசு படாத, துகளும் கரிமமும் ஏறத்தாழ அதே அளவுள்ள சேறு. களிமண்ணின் இயல்பால் வரும் சாவையும் மாசால் வரும் சாவையும் பிரிக்க அதுதான் உதவும். இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

பீக்கரை அமைப்பது

முந்தைய நாளே தொடங்குங்கள். ஜாடியில் மேலே பிரிந்து நிற்கும் தண்ணீரைக் கொட்டாமல் சேற்றோடு சேர்த்துக் கிளறுங்கள். கரைந்த மாசு அதில்தான் இருக்கிறது. நிறமும் பதமும் ஒரே சீராக வரும்வரை கிளறிக்கொண்டே, அதில் இருக்கும் புழு, நண்டு, சிப்பி எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரே நிலையத்தின் ஐந்து பீக்கர்களில் நாலில் பதினெட்டு, பத்தொன்பது என்று பிழைத்திருந்தன. ஐந்தாவதில் மூன்றுதான். செத்த உடல்கூட இல்லை. தட்டில் சேற்றைப் பிரித்துக்கொண்டே வந்தபோது விரல் நீளத்தில் ஒரு பாலிகீட்டுப் புழு சுருண்டு கிடந்தது. கிளறும்போது கண்ணில் படாமல் தப்பிய அதுதான் பத்து நாளும் அந்த பீக்கரில் வேட்டையாடியிருக்கிறது. அந்த பீக்கரைக் கணக்கில் சேர்க்காமல், ஏன் சேர்க்கவில்லை என்று அறிக்கையில் எழுதினோம்.

ஒரு லிட்டர் கண்ணாடி பீக்கரில் 175 மி.லி. சேறு. அடியில் சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். கரண்டியின் பின்புறத்தால் சமப்படுத்துங்கள். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வட்டை வைத்து, அதன்மேல் படும்படி வடிகட்டிய கடல்நீரை 800 மி.லி. வரை ஊற்றிவிட்டு வட்டை எடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் சேறு கலங்காது. வட்டை ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குக் கழுவாமல் கொண்டுபோகாதீர்கள். காற்றுக் குழாயின் முனை சேற்றுக்கு மேலே குறைந்தது 2 செ.மீ. இருக்கட்டும், குமிழி வந்தால் போதும், சேறு எழும்பக் கூடாது. இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். பீக்கர்களை நிலைய வாரியாக வரிசையில் வைக்காமல், சீட்டுக் குலுக்கி இடம் முடிவுசெய்து கலந்து வையுங்கள். ஏசி காற்று ஒரு மூலையில் அதிகம் விழும் அறையில் இது ரொம்ப முக்கியம்.

மறுநாள் இருபது இருபதாகச் சின்னக் கிண்ணங்களில் எண்ணி வைத்து, இன்னொருவரை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். நன்றாக நீந்துகிற, ஒரே அளவுள்ளவற்றை மட்டும் எடுங்கள். பீக்கரில் விட்டபின் சில உயிரிகள் நீர்ப்பரப்பின் மெல்லிய படலத்தில் மாட்டிக்கொண்டு மிதக்கும். பைப்பெட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரை அவற்றின்மேல் விட்டால் இறங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆரோக்கியமானவை அதற்குள் சேற்றுக்குள் புதைந்திருக்கும். கண்ட்ரோல் பீக்கரில் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருப்பவற்றை மாற்றிவிடலாம். சோதனைச் சேற்றில் புதையாமல் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அந்தச் சேற்றை அவை தவிர்க்கின்றனவோ என்னவோ. எழுதி வையுங்கள்.

பத்து நாளும் விளக்கு அணையாமல் எரியட்டும். இருட்டானால் பல ஆம்பிபாடுகள் சேற்றை விட்டு நீந்தப் போய்விடும், வெளிச்சத்தில் உள்ளேயே இருக்கும். உணவு கிடையாது. தினமும் வெப்பம், காற்றோட்டம். கரைந்த ஆக்சிஜன் நிறைவளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச், உப்பு, அம்மோனியா.

அம்மோனியா

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் முதன்முதலில் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்த சோதனை இதில்தான் தவறியது.

ஆறு நிலையங்கள். கண்ட்ரோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிழைத்தன. மூன்று நிலையங்களில் சுத்தமாகச் சாவு. ஒன்றில் எல்லா பீக்கரும் சேர்த்தே எட்டுதான் உயிரோடு. கை நடுங்க எண்ணி, மூன்றும் நச்சு என்று எழுதிக்கொண்டு போய் எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை.

"அம்மோனியா பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா. மேல் தண்ணீரில் குறைவாகத்தான் இருக்கு."

"உயிரி மேல் தண்ணீரிலா இருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உயிரி சேற்றுக்குள் இருக்கிறது. அங்கே துகள்களுக்கு நடுவே நிற்கும் ஊடுநீரில்தான் அதன் உடல் நனைகிறது. அதை நான் அளக்கவே இல்லை.

கரிமப் பொருள் அழுகும் எந்தச் சேற்றிலும் அம்மோனியா இயல்பாகவே உருவாகும். ஆக அது மாசாகவும் இருக்கலாம், இயற்கையாகவும் இருக்கலாம். கடலில் தண்ணீர் அசைவதால் மேல்படிவில் அது தங்காது. நாம் ஆழத்திலிருந்து தோண்டி, கலக்கி, ஜாடியில் அடைத்து, பீக்கரில் தேக்கி வைக்கிறபோது ஏறிவிடும். அப்புறம் அது மட்டுமே கொன்றுவிடும்.

அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் உயிரியோடு ஒரு பீக்கரைக் கூடுதலாக வையுங்கள், ஊடுநீர் எடுப்பதற்கென்றே. தொடங்குமுன் ஒரு பங்கு சேற்றை மையவிலக்கியில் சுழற்றி மேலே வரும் நீரில் அம்மோனியாவையும் பிஎச்சையும் சேர்த்து அளங்கள். பிஎச் இல்லாமல் அம்மோனியா எண் அரைகுறைத் தகவல்தான். உடலுக்குள் எளிதாகப் புகுவது அயனியாகாத அம்மோனியா. பிஎச் ஒன்று ஏறினால் அதன் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். பிஎச் 7.7-ல் மொத்த அம்மோனியாவுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1994 கையேடு தரும் எல்லைகள்: ஆம்பெலிஸ்கா, ரெப்பாக்சினியஸ் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 மி.கி., இயோஹாஸ்டோரியஸ், லெப்டோகைரஸ் இரண்டுக்கும் 60 மி.கி. இதைத் தாண்டியிருந்தால் உயிரியை விடாதீர்கள். மேல் தண்ணீரை நாளுக்கு இரண்டு முறை மாற்றிக்கொண்டே வந்து, ஊடுநீரில் அளவு இறங்கிய பிறகு தொடங்குங்கள். இப்படி அலசும்போது வேறு கரையும் மாசும் கொஞ்சம் போய்விடும் என்பது உண்மைதான். அதனால் எத்தனை நாள் அலசினோம் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். ஒப்பீட்டு மாதிரியையும் கண்ட்ரோலையும் அதே போல அலச வேண்டும்.

எனக்கு மீதிச் சேறு இருந்தது, நல்லவேளை. அளந்தேன். மூன்று நிலையத்திலும் எல்லைக்கு மேலே. அலசி, இறக்கி, மறுபடி பத்து நாள். இரண்டு நிலையங்கள் கண்ட்ரோல் அளவுக்குப் பிழைத்துக்கொண்டன. மூன்றாவது மறுபடியும் செத்தது. அதை அடைத்து வைத்திருந்த ஜாடிக்குக் கடைசியில் வருகிறேன்.

எண்ணுவது

பத்தாம் நாள் அவசரம் வேண்டாம். ஒரு பீக்கரை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஆம்பெலிஸ்கா தான் கட்டிய குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒவ்வொரு குழாயையும் ஊசியால் கீறித் திறக்க வேண்டும். உரித்துப் போட்ட சட்டைகள் செத்த உடல் போலவே தெரியும், ஆனால் உள்ளே வெறுமையாக இருக்கும், வெளிச்சம் ஊடுருவும். அசையாமல் கிடப்பதை நுண்ணோக்கியில் வைத்து மெல்லத் தொட்டு, வயிற்றுப் பக்கத்து நீச்சல் கால்களைப் பாருங்கள். ஒரு கால் துடித்தாலும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு. காணாமல் போனதைச் செத்ததாக எழுத வேண்டும். பத்து நாளில் உடல் கரைந்துவிடும்.

காணாமல் போனது செத்ததா, நாம்தான் தவறவிட்டோமா? இதைச் சோதிக்க, புதிதாக எண்ணுகிறவருக்கு நான் ஒரு பீக்கர் தருவேன். கண்ட்ரோல் சேற்றில் எண்ணிக்கை தெரிந்த உயிரிகளை விட்டு, எத்தனை என்று சொல்லாமல், உடனே சலித்து எண்ணச் சொல்வேன். பத்தில் ஒன்பது பங்காவது மீட்டெடுக்கிறவரைக்கும் உண்மையான பீக்கர் கிடையாது.

கண்ட்ரோலில் 90 சதவீதம் பிழைக்காவிட்டால் முழுச் சோதனையும் செல்லாது. எத்தனை அழகான முடிவு மற்ற பீக்கர்களில் இருந்தாலும் சரி. கூடவே, ஒவ்வொரு கூட்ட உயிரிக்கும் சேறில்லாத தண்ணீரில் காட்மியம் குளோரைடு வைத்து 96 மணி நேரச் சோதனை ஒன்றும் நடத்த வேண்டும். பாதி உயிரிகளைக் கொல்லும் செறிவை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே வாருங்கள். பழைய சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்குள் விழ வேண்டும். இருபதில் ஒன்று தற்செயலாகவே வெளியே விழும், அதற்காகப் பதற வேண்டாம். அடுத்தடுத்து விழுந்தால் உயிரிகள் பலவீனமாகவோ, வழக்கத்தை விட முரடாகவோ வந்திருக்கின்றன.

கருக்களை வைத்துச் செய்வது

ஆம்பிபாடு பிழைத்துக்கொள்ளும் சேற்றில் முட்டையிலிருந்து வளரும் கரு சிதையலாம். செம்புக்குக் கடல் முள்ளெலியின் கரு மிக நுணுக்கமாகப் பதில் சொல்லும். எனக்குப் பிடித்த சோதனையும் இதுதான்.

முள்ளெலியின் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடைக் கொஞ்சம் ஊசியால் ஏற்றினால் சில நிமிடங்களில் உச்சித் துளைகளில் கசிவு தொடங்கும். ஊதா முள்ளெலி என்றால் ஆணிடம் பால் போல வெள்ளை, பெண்ணிடம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. பெண்ணைக் கடல்நீர் நிரம்பிய பீக்கரின் வாயில் தலைகீழாகக் கவிழ்த்தால் முட்டைகள் நூல் நூலாக இறங்கி அடியில் படியும். விந்தணுவில் தண்ணீர் படவிடாமல் பைப்பெட்டால் உறிஞ்சி ஐஸில் வையுங்கள். தண்ணீர் பட்டதும் அவை நீந்தத் தொடங்கிச் சீக்கிரமே சோர்ந்துவிடும். இரண்டையும் கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள். முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் சட்டென்று எழும்பி நிற்கும். அதுதான் கருவுற்றதற்கு அடையாளம். பத்தில் ஒன்பது முட்டைக்கு வளையம் வராவிட்டால் அந்த ஜோடி வேண்டாம்.

கருவைச் சேற்றிலேயே கொட்டினால் திரும்ப எடுக்க முடியாது. அதற்காக, அடியில் நைசான வலை ஒட்டிய குழாயைச் சேற்றுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, அதற்குள் கருக்களை விடுவோம். சேற்றிலிருந்து தண்ணீருக்குக் கசியும் மாசு வலை வழியாக ஏறும், கருக்கள் வெளியே போகாது. ஊதா முள்ளெலிக்கு 15 டிகிரியில் மூன்று நாலு நாள். முடிவில் ஃபார்மலினில் நிலைநிறுத்தி எண்ணுங்கள். நன்றாக வளர்ந்த லார்வா கூம்பு போல, கைகள் நீண்டு, உள்ளே எலும்புக் கம்பிகள் சமமாக இருக்கும். பாதிக்கப்பட்டது வெறும் உருண்டையாக நின்றுவிடும், அல்லது கம்பி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து கோணிக்கொள்ளும். கண்ட்ரோலில் 80 சதவீதம் இயல்பாக இருக்க வேண்டும். மட்டியின் கருவை வைத்தும் இதே போல 48 மணி நேரத்தில் முடிக்கலாம். இங்கேயும் அம்மோனியா அளவு கட்டாயம். கருக்கள் ஆம்பிபாடை விட மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படும்.

ஒளிரும் பாக்டீரியாவை வைத்துச் செய்யும் மைக்ரோடாக்ஸ் சோதனையும் உண்டு. அலிவிப்ரியோ ஃபிஷெரி 15 டிகிரியில் வெளியிடும் ஒளி அரை மணி நேரத்துக்குள் எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பது. எண்பது நிலையங்களில் எங்கே கவனம் வைக்கலாம் என்று சலித்தெடுக்க உதவும். ஆனால் நைசான களிமண்ணில் பாக்டீரியா துகளோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டியில் தங்கிவிடும். ஒளி குறையும், விஷம் என்று தோன்றும். கரைப்பானில் பிரித்தெடுத்த சாற்றில் கந்தகம் இருந்தாலும் அதே குழப்பம். இதை மட்டும் நம்பி ஒரு துறைமுகத்தின் தலைவிதியை எழுதாதீர்கள்.

முடிவைப் படிப்பதும் மூன்றாவது ஜாடியும்

ஒரு சேற்றை நச்சு என்று சொல்லப் பரவலாகக் கையாளும் வழி இது. பிழைத்த எண்ணிக்கை கண்ட்ரோலிலிருந்து புள்ளியியல்படி வேறுபட வேண்டும், அதோடு கண்ட்ரோலில் பிழைத்ததில் 80 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. ஐந்து பீக்கரும் ஒத்துப்போய், 94-க்கும் 88-க்கும் இடையில் கணக்கு "வேறுபாடு உண்டு" என்று சொல்லலாம். கடலடிக்கு அது பெரிய விஷயம் இல்லை.

இரண்டையும் தாண்டிய சேற்றில் எது கொன்றது என்று பிரிக்க, அதையே பங்கு போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கலந்து மறுபடி சோதிப்போம். சியோலைட் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். கேட்டயான் பரிமாற்றப் பிசின் உலோகங்களைப் பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரித்தூள் எண்ணெய்ச் சேர்மம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்களைப் பிடிக்கும். எதைக் கலந்ததும் உயிரிகள் பிழைக்கின்றனவோ அது பிடிக்கும் மாசு வகையைச் சந்தேகிக்கலாம். கலக்கும் பொருளே உயிரியைப் பாதிக்கவில்லை என்று காட்ட, கண்ட்ரோல் சேற்றிலும் அதைக் கலந்து ஒரு வரிசை வையுங்கள்.

அந்த மூன்றாவது நிலையத்தில் சியோலைட்டும் பிசினும் எதையும் மாற்றவில்லை. கரித்தூள் கலந்த பீக்கர்களில் இயோஹாஸ்டோரியஸ் ஏறத்தாழ எல்லாமே பிழைத்தன. அடுத்து, மேல் தண்ணீரில் பைப்பரோனில் பியூட்டாக்ஸைடு சேர்த்தோம். உயிரியின் உடலில் சில பூச்சிக்கொல்லிகளைச் சிதைக்கும் நொதிகளை அது முடக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால் சாவு குறையும், ஏனென்றால் அந்த வகை நச்சாக மாறுவதற்கே அந்த நொதி வேண்டும். பைரெத்ராய்டாக இருந்தால் சாவு கூடும். கூடியது. வேதி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உலோகங்கள், பிஏஎச், பிசிபி எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. பைரெத்ராய்டுகளைத் தேடவே சொல்லவில்லை. தேடச் சொன்னோம், பைஃபென்த்ரின் என்ற பைரெத்ராய்டு இருந்தது.

அதைத் தேடுவதற்குச் சேறு மிச்சம் இருந்தது என்பதால்தான் இது முடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு கூடுதல் ஜாடிகள் வைக்கிறேன். ஒன்று மறுசோதனைக்கு, 4 டிகிரியில், இருட்டில், விளிம்பு வரை நிரப்பி. இன்னொன்று வேதிக்கு மட்டும், உறைநிலையில். உறையும்போது சேறு விரியும் என்பதால் அதில் கால் பங்கு காலியாக விட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். இரண்டிலும் நிலைய எண், எடுத்த தேதி, எடுத்த ஆழம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.